விடையை மட்டும் சொல்

ஜூன் 12

காஸ்டிங் இரும்பின் விலை இன்றும் இறங்கிவிட்டது. போன மாதம் வாங்கிப் போட்ட பழைய லேத் மெஷின்கள் குடோனில் மழையில் நனைந்துகொண்டு கிடக்கின்றன. இந்த நேரம் பார்த்து என் மகள் நிதாவின் பள்ளியில் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

கணக்கு டீச்சர் பெயர் கீதா. சின்ன வயது. என்னைப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார வைத்துப் பேசினார். முட்டி இடித்துக்கொண்டே இருந்தது. நிதா ஒன்பதாவதில் கணக்கில் முப்பத்து மூன்று. பத்தாவது பொதுத்தேர்வில் எண்பதுக்கு மேல் வந்தால்தான் இந்தப் பள்ளியில் மேத்ஸ் குரூப் தருவார்கள். மேத்ஸ் குரூப் இல்லையென்றால் இன்ஜினியரிங் இல்லை.

"நல்ல ட்யூஷனாப் பார்த்துப் போட்டுடறேனுங்க" என்றேன்.

"ட்யூஷன் வேண்டாங்க பாய். அவளுக்குப் புத்தி இல்லாம இல்லீங்க, பயம்தானுங்க. தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் நீங்க கூட உட்காருங்க. விடை என்னன்னு கேட்காதீங்க, எப்படிப் போட்டேன்னு கேளுங்க. தப்பா இருந்தாலும் முழுசாச் சொல்ல விடுங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்ட என்ன செலவு.

நிதாவுக்கு சிவில் படிக்க வேண்டுமாம். என்னிடம் சொல்லவில்லை, என் மனைவி சாஜிதாதான் சொன்னாள். உக்கடத்தில் பாலம் கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து மொட்டை மாடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எங்கள் வம்சத்தில் பாலம் கட்டினவர் யாருமில்லை. இடித்த இடத்தில் கம்பி பொறுக்கினவர்கள்தான். இவள் கட்டட்டும். அதில் எனக்கும் ஆசைதான்.

ஜூன் 14

நானே சொல்லித் தருவது என்று முடிவு செய்துவிட்டேன். படித்தது எட்டாவது வரைதான். ஆனால் லாரி நிறைய இரும்பைப் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்வேன். எடை மேடை அப்புறம் வந்து ஆமாம் போடும். கணக்கு என்றால் அதுதான். மற்றதெல்லாம் காகிதச் செலவு.

ஜூன் 17

முதல் பாடம். சாயங்காலம் மக்ரிப் தொழுதுவிட்டு உட்கார்ந்தோம். நோட்டு, பேனா, பென்சில், ரப்பர், ஸ்கேல் என்று ஒரு கடையையே பரப்பினாள். ஒரு வரி எழுதுவாள். என் முகத்தைப் பார்ப்பாள். அழிப்பாள். மறுபடி ஒரு வரி, மறுபடி என் முகம், மறுபடி ரப்பர்.

"என் மூஞ்சியிலயா விடை எழுதியிருக்கு?"

"இல்லீங்கத்தா."

"அப்புறம் எதுக்கு அதையே பார்க்கறே?"

உடனே அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. நோட்டையும் பேனாவையும் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "இனிமே மனசுலயே போடு. எனக்கு விடையை மட்டும் சொல்லு."

ஜூன் 18

சொல்லவில்லை. அவள் சோற்றுத் தட்டை எடுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன். சொன்னால் சோறு.

சாஜிதா சமையலறையிலிருந்து வந்தாள். "ஏங்க, அது புள்ளையா நாயா? பிஸ்கட்டக் காட்டி வித்தை பழக்கறீங்க?"

"நாயா இருந்தா இந்நேரம் பழகியிருக்கும்."

கொஞ்ச நேரத்தில் விடை வந்தது. சரியான விடை. தட்டைத் தள்ளினேன். தலையைத் தூக்காமல் தின்றாள்.

வழி கிடைத்துவிட்டது.

ஜூலை 6

சூலூரில் மூடிப்போன ஸ்பின்னிங் மில் ஒன்றின் மெஷின்கள் ஏலம். பள்ளி லீவு என்பதால் நிதாவையும் கூட்டிப்போனேன். அவள் பார்க்க வேண்டியது ஒன்று இருந்தது.

ஈரோட்டுக்காரர் ஒருவர், பாவம், வெள்ளைத் தாளை எடுத்து எடையும் விலையும் போட்டுப் போட்டுக் கூட்டிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து நம்ம நிஜாம், என் தொழிலில் எனக்குப் போட்டிக்காரன், கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிப் படித்துக்கொண்டிருந்தான். கடைசியில் அந்த மனுஷன் கேட்ட விலைக்குமேல் துளி ஏற்றிக் கேட்டு மொத்தச் சரக்கையும் தூக்கிவிட்டான். ஈரோட்டுக்காரர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

"பார்த்தியா? கணக்கு வெளிய தெரிஞ்சா நீ செத்தே."

"பரீட்சையில யாருங்கத்தா எட்டிப் பார்ப்பாங்க?"

"எல்லாரும்."

ஜூலை 20

புது ஏற்பாடு. அண்ணன் இஸ்மத்தின் மகள் சமீரா, நிதாவோடு ஒரே வகுப்பு, கணக்கில் முதல் ஆள். அவளை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி. யார் முதலில் சொல்கிறார்கள் பார்க்கலாம். நடந்தது குடோனில், லோடுமேன்கள் டீ குடிக்கிற நேரம்.

"ரெண்டு நம்பர். பெருக்கினா முப்பத்தாறு, கூட்டினா பதிமூணு."

"நாலும் ஒம்பதும் சின்னத்தா" என்று போனிலிருந்து வந்தது.

அடுத்ததும் சமீராதான். அதற்கடுத்ததும்.

"கேட்டுக்கிட்டியா? அது ஒண்ணாந்தரச் சரக்கு. நீ ரெண்டாந்தரம். உருக்கறதுக்குத்தான் ஆவே" என்றேன். லோடுமேன்கள் சிரித்தார்கள். நான் சிரித்தால் அவர்கள் சிரிப்பார்கள்.

"சின்னத்தா, அவளுக்கும் தெரியுமுங்க. நீங்க கத்தறீங்க, அதான்..." என்று சமீரா ஏதோ இழுத்தாள். போனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது நிதா வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்தாள். எப்போதும் முன்னால்தான் உட்காருவாள்.

ஆகஸ்ட் 9

இன்று நிதா ஜெயித்தாள்!

"பெருக்கினா மைனஸ் நாப்பத்தெட்டு, கூட்டினா ரெண்டு" என்று நான் வாயை மூடுவதற்குள், "எட்டு, மைனஸ் ஆறு." சமீரா அந்தப் பக்கம் இன்னும் முனகிக்கொண்டிருந்தாள். அடுத்ததும் நிதா, அதற்கடுத்ததும் நிதா. ஒரு சாட்டை விடாமல் சுழன்ற மாதிரி இருந்தது.

"இப்பச் சொல்லு, யார் ரெண்டாந்தரம்? அவகிட்டயே சொல்லு" என்று போனை நீட்டினேன்.

நிதா வாங்கி, கட் செய்து மேசைமேல் வைத்தாள்.

இளகின மனசு. இதுதான் இவளிடம் உள்ள குறை. சாஜிதா பாயசம் வைத்தாள். நிதாவுக்கு வயிறு சரியில்லையாம், தொடவில்லை.

அக்டோபர் 9

காலாண்டுத் தேர்வில் ஐம்பத்தெட்டு. தாளைப் பார்த்தேன். விடை எல்லாம் சரி. எல்லாமே! ஆனால் கணக்குக்குக் கணக்கு மார்க்கைக் குறைத்திருக்கிறார்கள், பக்கத்தில் சிவப்பில் 'ஸ்டெப்?' என்று எழுதி. நேராகப் பள்ளிக்குப் போனேன்.

"விடை சரிங்களா தப்புங்களா?"

"சரிதானுங்க பாய். அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் கீதா மிஸ். "இந்தப் புள்ளை உள்ளுக்குள்ளயே போட்டு உள்ளுக்குள்ளயே பூட்டிக்கறா. நான் உங்ககிட்டக் கேட்டது இதில்லீங்களே."

"முப்பத்து மூணு ஐம்பத்தெட்டு ஆயிருக்குதுங்களா இல்லியா?"

"ஆயிருக்குதுங்க."

"அப்புறம்?"

அவர் பெருமூச்சு விட்டார். அடுத்த மாதம் பிரசவ லீவில் போகிறாராம், பொதுத்தேர்வு முடிந்துதான் வருவாராம். "அதுக்குள்ள ஸ்டெப் எழுதற பழக்கத்தக் கொண்டாந்துடுங்க. புதுசா வர்றவங்களுக்கு இவளைத் தெரியாதுங்க" என்றார்.

அக்டோபர் 14

அலமாரியைத் திறந்து நோட்டையும் பேனாவையும் கொடுத்தேன். "எழுது. ஒவ்வொரு ஸ்டெப்பா எழுது."

விடையை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"மேல எழுது."

"என்ன எழுதறதுங்கத்தா?"

"மனசுல என்ன போட்டியோ அதை."

"அதை எழுதினா எங்க தடுமாறினேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோயிரும்."

அழாமல், குரல் ஏறாமல், சரக்குக்கு விலை சொல்வதுபோலச் சொன்னாள். அறைந்துவிட்டேன்.

அடித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் என்னை என்ன என்று நினைத்தாள்? நான் என்ன நிஜாமா?

நவம்பர் 3

மழை. குடோனுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. நான் அங்கேயே கிடந்தேன், பாடம் இல்லை. வீட்டுக்கு போன் செய்தபோது பின்னால் ஒரே சிரிப்பாக இருந்தது. "யாரு?" என்றேன். சிரிப்பு நின்றது. "டிவிங்க" என்றாள் சாஜிதா.

நவம்பர் 24

புத்தகத்தில் ஒரு கணக்கு. இரும்புக் குழாய், வெளி ஆரம் நாலு சென்டிமீட்டர், உள் ஆரம் மூணு, நீளம் ஐம்பது. ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு ஏழு கிராம். குழாயின் எடை என்ன? வாழ்நாளெல்லாம் குழாய் விற்றவன் நான், இதை நான் போட்டுக்காட்டி அவளை அசத்தலாம் என்று வாசித்தேன். வாசித்து முடிப்பதற்குள், "ஏழு கிலோ எழுநூறு" என்றாள்.

பின்னால் திருப்பி விடையைப் பார்த்தேன். சரி.

எப்படிப் போட்டாய் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவள் சொல்லி, எனக்குப் புரியாமல் போய்விட்டால்?

ஜனவரி 6

இதை எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

பிரின்சிபல் மேடத்தின் அறை. அரையாண்டுத் தேர்வுத் தாள் மேசைமேல். கீதா மிஸ்ஸுக்குப் பதிலாக வந்திருக்கும் ஸ்ரீனிவாஸ் சார், சின்ன மீசை, பெரிய குரல். நிதாவின் தாளில் எல்லாக் கணக்குக்கும் கடைசி வரி மட்டும் இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது. பரீட்சை ஹாலில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தவள் சமீரா. ஆக, எட்டிப் பார்த்து விடையை மட்டும் எடுத்திருக்கிறாள். ஸ்ரீனிவாஸ் சார் போட்ட கணக்கு இது.

"மனசுல போடுவேனுங்க மேடம்" என்றாள் நிதா.

"அப்படியா? போடு பார்க்கலாம்" என்று ஸ்ரீனிவாஸ் சார் போர்டில் ஒரு கணக்கை எழுதினார். நிதா சாக்பீஸை வாங்கினாள். போர்டைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். கல்லாக நின்றுவிட்டாள். ஸ்ரீனிவாஸ் சார் என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

பிரின்சிபல் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். விசாரணை என்று போனால் மேலிடம் வரைக்கும் போகும், பொதுத்தேர்வு நேரத்தில் பிள்ளைக்குத் தொந்தரவு. அதைவிட, வகுப்பில் எல்லார் முன்னாலும் 'பார்த்து எழுதினேன், மன்னிச்சுக்குங்க' என்று சொல்லிவிட்டால் இதோடு முடிந்தது.

நான் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? எட்டாவது படித்த பழைய இரும்புக்காரன், என் மகள் பேனா இல்லாமல் கணக்குப் போடுவாள் என்றால் யார் நம்புவார்கள்? வாதம் வளரும். அந்த ஆள் வீம்பு பிடிப்பான். ஏலத்தில் தகராறு வந்தால் நான் எப்போதும் செய்வது ஒன்றுதான். கிடைக்கிற சமரசத்தை, எங்கள் பாஷையில் ராஜியை, அங்கேயே வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன்.

"சொல்லிடுவா மேடம்" என்றேன்.

"அத்தா, நான் பார்க்கலீங்கத்தா."

"தெரியும். சொல்லிட்டு வா" என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"தெரியுமா?" என்றாள்.



ஜனவரி 7

சொல்லிவிட்டாளாம். வகுப்பில் சமீராதான் அழுதாளாம், இவள் அழவில்லையாம்.

அண்ணன் இஸ்மத் போன் செய்தார். "என்னடா பீரு, என் பொண்ணு பேப்பரப் பார்த்து எழுதற நிலைமையா? சொல்லியிருந்தா நானே அவளைச் சொல்லிக்குடுக்க அனுப்பி வெச்சிருப்பனே." குரலில் தேன் ஒழுகியது.

சாஜிதா கேட்டாள்: "புள்ளை பார்த்து எழுதலைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா சொல்ல வெச்சீங்க?"

"உனக்கு வியாபாரம் தெரியாது."

"ஆமாங்க. நான் புள்ளைதான பெத்தேன், சரக்கா எடுத்தேன்?"

ஜனவரி 8

மக்ரிபுக்குப் பிறகு மேசையில் உட்கார்ந்திருந்தேன். நிதா வரவில்லை. மாடி அறைக் கதவு சாத்தியிருந்தது. சோற்றுத் தட்டைப் பிடித்துவைக்கலாம் என்று பார்த்தால், அவள் முன்னாடியே சாப்பிட்டுவிட்டாளாம்.

பிப்ரவரி 19

கதவு சாத்தியேதான் இருக்கிறது. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், சலாம் சொல்கிறாள், தண்ணீர் கேட்டால் கொண்டுவருகிறாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மார்ச் 11

நேற்று கதவுக்கு வெளியே குப்பைக் கூடையில் காகிதம் காகிதமாகக் கசக்கிக் கிடந்தது. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். பக்கம் முழுக்க ஸ்டெப். வரி வரியாக, மணி மணியாக. மேலிருந்து கீழே வரைக்கும் அடித்தலே இல்லை. இவளுக்கு யார் பழக்கினார்கள்? யாருமில்லை. தானே.

இன்று கூடையும் அறைக்கு உள்ளே போய்விட்டது.

ஏப்ரல் 8

கணக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. "எப்படிக் கண்ணு?"

"எழுதினேனுங்கத்தா."

மே 16

தொண்ணூற்று ஆறு!

கணக்கில் தொண்ணூற்று ஆறு. சமீரா தொண்ணூற்று இரண்டு. முதலில் அண்ணனுக்கு போன் செய்தேன். அப்புறம் குடோனில் எல்லாருக்கும் ஸ்வீட். நிஜாமையும் கூப்பிட்டு வாயில் ஊட்டினேன். "ட்யூஷன் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நானே வீட்ல உட்கார்ந்து சொல்லிக்குடுத்தது" என்றேன்.

"பெரிய ஆளுங்க நீங்க" என்றான் வாய் நிறைய மைசூர்பாக்கோடு.

நிதா கொஞ்சம் தள்ளி, எடை மேடை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுப்பாள் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மே 19

பதினொன்றாம் வகுப்பு அட்மிஷன். அதே அறை, அதே பிரின்சிபல். இந்த முறை கீதா மிஸ்ஸும் இருந்தார், லீவு முடிந்து வந்திருக்கிறார். நிதாவைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

பிரின்சிபல் சொன்னார்: "மார்க் அருமையா இருக்கு. ஆனா ஜனவரியில நடந்தது எல்லாருக்கும் தெரியும். மேத்ஸ் குரூப் குடுத்தா மத்த பேரண்ட்ஸ் கேள்வி கேப்பாங்க. எங்க முன்னாடி ஒரே ஒரு கணக்கு போட்டுக் காட்டட்டும். சீட் ரெடி."

நான் இந்த முறை தயாராகப் போயிருந்தேன். ராஜி கிடையாது. "மேடம், இவ அன்னைக்கும் பார்த்து எழுதலீங்க. மனசுலயே போடுவா. நான்தான் அப்படிப் பழக்கினேன். என் தப்புங்க."

"அப்ப அன்னைக்கு ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் நிதா பேசினாள்.

"நான் பார்த்துத்தான் எழுதினேனுங்க மேடம். அத்தாவே சொன்னாங்கல்லங்க."

பிரின்சிபல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு மேத்ஸ் குரூப் வேண்டாங்க. ஹிஸ்டரி குரூப்ல போட்டுடுங்க."

"நிதா, எனக்கு உன்னத் தெரியும் கண்ணு" என்றார் கீதா மிஸ். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரே ஒரு கணக்கு. எனக்காகப் போட்டுட்டுப் போ."

"வேண்டாங்க மிஸ்" என்று சிரித்தாள். நல்ல சிரிப்பு. எவ்வளவு ஏற்றிக் கேட்டாலும் இறங்கிவராத சிரிப்பு. இப்படிச் சிரிக்கிற வியாபாரியிடம் நானே இரண்டு முறை சரக்கு வாங்காமல் திரும்பியிருக்கிறேன்.

வண்டியில், "ஏன்டி? ஏன்டி இப்படிப் பண்ணுனே? சிவில் படிக்கணும்னியே! அந்த ஒரு கணக்கு உனக்கு ஒரு கணக்கா?" என்று கத்தினேன். கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சண்டை இல்லாம முடிஞ்சுதுல்லங்கத்தா" என்றாள்.

மே 21

வேறு இரண்டு பள்ளிகளில் கேட்டேன். இந்த மார்க்குக்கு மேத்ஸ் குரூப் உடனே தருகிறார்களாம். வீட்டில் சொன்னேன். நிதா எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். சாஜிதா சொன்னாள்: "அவளைக் கேட்டுட்டா போனீங்க?"

ஜூன் 16

ஹிஸ்டரி குரூப். பள்ளி ஆரம்பித்துவிட்டது. யூனிஃபார்மில் கிளம்பினபோது, "எல்லாம் எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டேன். "எடுத்துட்டேனுங்கத்தா." சலாம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை 24

சமீரா தினமும் சாயங்காலம் வருகிறாள். அவள் மேத்ஸ் குரூப். அண்ணன் மகள், வந்து போகட்டும் என்று நானும் கண்டுகொள்ளவில்லை.

இன்று டேங்கில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க மாடிக்குப் போனேன். பாதிப் படியில் நிதாவின் குரல். "இல்லடி லூசு, இந்தப் பக்கத்துல இருக்கறத அந்தப் பக்கம் கொண்டு போ. ஏன்னா இது ரெண்டும் ஒண்ணுதான, பாரு... இப்ப வெட்டு. இப்ப என்ன மிச்சம்?" சமீரா ஏதோ சொன்னாள். தப்பாகத்தான் இருக்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் மறுபடியும் நிதாவின் குரல், முதலிலிருந்து, நிதானமாக, ஒவ்வொன்றாக. இந்தக் குரலை இத்தனை நீளமாக நான் கேட்டதே இல்லை. தப்பாகப் போட்டால் சிரிக்கலாம் என்பதும் எனக்குத் தெரியாது.

இன்னும் ஒரு படி ஏறினேன். செருப்புச் சத்தம் கேட்டிருக்கும்.

உள்ளே போனபோது நிதாவுக்கு முன்னால் ஹிஸ்டரி புத்தகம் விரிந்திருந்தது. சமீரா தன் நோட்டின் மேல் துப்பட்டாவை இழுத்துப் போட்டாள்.

"என்ன படிக்கறீங்க?"

"முகலாயருங்கத்தா" என்றாள் நிதா.

"படிங்க படிங்க" என்றுவிட்டு மேலே போனேன். டேங்க் நிறைந்திருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். இறங்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓரமாக, மெதுவாக இறங்கினேன்.

அப்படியும் பேச்சு நின்றுவிட்டது.